கார்குழலி வைத்த சீர்

வியாசர்பாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பெண் ஒருத்தி விமானம் ஏறி வெளிநாடு போகிறாள் என்றால் தெரு சும்மா இருக்குமா? மாவு மில்காரர் முதல் இஸ்திரி வண்டிக்காரர் வரை எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். வாடகை அம்பாசிடரின் முகப்பில் யாரோ மாலை வேறு கட்டிவிட்டிருந்தார்கள். கல்யாணக் கார் போல இருந்த அந்த வண்டியில் தனியாக ஏறி உட்காரக் கார்குழலிக்குக் கூச்சமாக இருந்தது.

முப்பது வயது தாண்டியும் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தொழிற்சாலைக் கழிவுகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகம் ஒன்றில் சட்ட அதிகாரி. ஏழை நாடுகளில் அரசாங்கத் தரப்பில் சுற்றுச்சூழல் வழக்கு நடத்துகிற வக்கீல்களுக்கு, ஐரோப்பாவின் ஒரு சின்ன ஊரில் ஆறு வாரப் பயிற்சி வைத்திருந்தார்கள். நம் பக்கத்திலிருந்து ஒருவருக்குத்தான் இடம். பெரிய அதிகாரிகள் யாருக்கும் அந்தச் சமயம் தோதுப்படாததால் அது அவளுக்கு வந்தது. எல்லாமே அவளுக்கு அப்படித்தான் வந்திருக்கிறது, மற்றவர்களுக்குத் தோதுப்படாமல் போன பிறகு.

படிப்பு மட்டும் அப்படி வரவில்லை. அதை அக்கா ராஜாத்தி வாங்கிக் கொடுத்தாள். தங்கை படிக்க வேண்டும் என்று எட்டாவதோடு பள்ளியை விட்டு, ராயபுரத்தில் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போனவள் அவள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி அவளுடைய விரல்கள் முப்பது வயதிலேயே அறுபது வயது விரல்களாகிவிட்டன. தங்கை கறுப்புக் கோட்டு போட்ட அன்று அந்த விரல்களால்தான் பித்தானை மாட்டிவிட்டாள்.

இன்றும் ராஜாத்தி வந்திருந்தாள். சடையங்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, ஏழு வயது மகள் செங்கொடியை இடுப்பில் சுமந்துகொண்டு. ஏழு வயதுக் குழந்தையை இடுப்பில் சுமக்க முடிகிறது என்றாலே விஷயம் புரியும். வயிற்று வலி, வாந்தி, கை நடுக்கம், மூக்கில் ரத்தம். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கும் எழும்பூர் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து அலைந்து, பஸ் கண்டக்டர்களுக்கே அந்தத் தாயையும் மகளையும் அடையாளம் தெரிந்திருந்தது. குழந்தையின் முகத்தில் பளிச்சென்று இருந்தது காதில் ஆடிய தோடு ஒன்றுதான். அது கார்குழலி போட்டது.

ராஜாத்திக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் போன வருஷம் குழந்தைக்குக் காது குத்தியபோது தாய்மாமன் இடத்தில் நின்று சீர் வைத்தவள் கார்குழலிதான். தோட்டோடு நின்றுவிடவில்லை. சடையங்குப்பத்தில் குழாய்த் தண்ணீர் கிடையாது. லாரி வந்தால்தான் தண்ணீர். டிரம் வைத்திருப்பவள் அங்கே ராணி, குடம் வைத்திருப்பவள் பிச்சைக்காரி. அக்கா ராணியாக இருக்கட்டும் என்று திருவொற்றியூரில் லியாகத் அலி பாய் கடையில் பெரிய நீல டிரம் ஒன்றும், மூடி போட்ட வெள்ளைக் கேன் இரண்டும் வாங்கினாள். டிரம்முக்குச் சாமந்தி மாலை சுற்றி மேளத்தோடு தூக்கிக்கொண்டு போனார்கள். ஊரே வாயைப் பிளந்தது. செங்கொடி அன்று மாலையே அம்மாவின் நகப்பூச்சை எடுத்து அந்த டிரம்மில் தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதிவிட்டாள். ராஜாத்தி அடிக்கக் கை ஓங்கியதும், எழுத்தைப் பார்த்துவிட்டு ஓங்கிய கையாலேயே மகளை அணைத்துக்கொண்டதும் அந்த வீட்டின் கடைசி நல்ல நாள்.

கார் கிளம்பும் முன் ராஜாத்தி ஜன்னல் வழியாகக் குனிந்தாள்.

"நல்லா கத்துகினு வா கொயலி. வந்து மொத வேலையா அந்தக் கம்பெனிய இய்த்து மூடு. எனுக்கு வேற இன்னா வோணும்? இவ பொயச்சா போதும்."

கம்பெனி என்று அவள் சொன்னது அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த டிரம் கழுவும் களத்தை. மணலித் தொழிற்சாலைகள் காலி செய்து தள்ளும் டிரம்களை லாரி லாரியாக வாங்கி, காஸ்டிக் சோடாக் காரம் போட்டுக் கழுவி விற்பார்கள். கழுவிய தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, பள்ளமான சடையங்குப்பத்தில் வந்து தேங்கும். சில நாள் பச்சையாக இருக்கும், சில நாள் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். அந்த நாற்றத்தில்தான் தன் மகள் கருகுகிறாள் என்பதில் ராஜாத்திக்குச் சந்தேகமே இல்லை. கார்குழலிக்கும் இல்லை.

அப்பா பீம்ராவ், பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் முதுகு ஒடிந்த மனிதர், ஒரு டம்ளர் தண்ணீரை மகளிடம் நீட்டினார். அவருக்கு அது சடங்கு மாதிரி. சிறுவயதில் வேலைக்குப் போன வீடுகளில் கைகளைக் குவிக்கச் சொல்லி, மேலிருந்து ஊற்றிய தண்ணீரைக் குடித்தவர். அதனால் தன் வீட்டுக்கு யார் வந்தாலும் டம்ளரில்தான் கொடுப்பார். யாராவது குடிக்காமல் வைத்துவிட்டால் அன்று முழுவதும் அவருக்குச் சோறு இறங்காது. கார்குழலி கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தாள்.

பயிற்சி நடந்த ஊரில் எல்லாம் சுத்தமாக இருந்தது. மழைத் தண்ணீர் கூட வடிகட்டியது போல விழுந்தது. வகுப்பில் கானா, நேபாளம், வங்கதேசம், கென்யா என்று பல நாட்டு அரசு வக்கீல்கள். ஒவ்வொருவருடைய ஊரிலும் ஒரு செத்துப்போன ஆறு இருந்தது. முதல் நாள் அறிமுகத்தில் கல்யாண வயதுப் பெண்களைப் பற்றிப் பேசுவது போல அவரவர் ஆற்றின் நிறத்தையும் குணத்தையும் சொன்னார்கள். கென்யாவிலிருந்து வந்த வாஞ்சிரு, தன் ஊர் ஆற்றில் முதலையே ராஜினாமா செய்துவிட்டது என்றாள். கார்குழலி வாய்விட்டுச் சிரித்தாள். அன்றே இருவரும் தோழிகளாகிவிட்டார்கள்.

பாடம் எடுத்தவர் நரைத்த தலையுடன் ஓர் ஓய்வுபெற்ற அரசு வக்கீல் அம்மாள். ஆய்வுக்குத் தண்ணீர் மாதிரி எடுப்பதை அவர் ஒரு விளையாட்டைப் போலக் கற்றுக் கொடுத்தார். ஒரு பாட்டில் தண்ணீர் வகுப்பில் கைமாறிக்கொண்டே போகும். வாங்குகிறவர் கையெழுத்திட வேண்டும், கொடுக்கிறவர் கையெழுத்திட வேண்டும். கடைசி ஆள் நீதிபதி. எந்த இடத்திலாவது ஒரு கையெழுத்து விட்டுப் போயிருந்தால் வழக்கு செத்தது. தண்ணீர் பொய் சொல்லாது, அதைச் சுமந்து வருகிற நம்மைத்தான் எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும் என்பார் அந்த அம்மாள்.

கார்குழலி அதை மந்திரம் போலப் பிடித்துக்கொண்டாள். மாதிரி நீதிமன்றத்தில் அவள்தான் ஜெயித்தாள். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். பாட்டில் இல்லையென்றால் என்ன செய்வது? அந்த அம்மாளுக்குக் கேள்வியே புரியவில்லை. பாட்டில் எப்படி இல்லாமல் போகும் என்று திருப்பிக் கேட்டார். பின் வரிசையில் கானாக்காரரும் நேபாளக்காரரும் வங்கதேசக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மணி அடித்துவிட்டது.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்குமோ என்னவோ.

ஊர் திரும்பியவள் அக்கா கேட்டுக்கொண்டதை மறக்கவில்லை. பயிற்சி முடிந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் ஒரு வழக்கை முறைப்படி நடத்தி முடிவை எழுதி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. கார்குழலி டிரம் களத்தை எடுத்துக்கொண்டாள். சொந்த அக்கா குடியிருக்கும் இடம் என்று மேலதிகாரியிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, உங்க பக்கத்துல யாருக்கும்மா அங்க சொந்தக்காரங்க இல்ல, போய் வேலையைப் பாரு என்றுவிட்டார்.

களத்துக்காரர்கள் தண்ணீர் திறப்பது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அரசாங்கம் பிரியாணி சாப்பிட்டுத் தூங்குகிற நேரம் அது. அப்படி ஒரு ஞாயிறு, ராஜாத்தி வீட்டுக்குப் பின்னால் முள்மரத்தடியில் கார்குழலி காத்திருந்தாள். மாதிரி எடுக்க வேண்டிய உதவிப் பொறியாளர் நோயல், ராயபுரத்துப் பையன், சர்ச்சில் பூசை முடிந்த கையோடு ஸ்கூட்டரில் வந்தான். வந்தவன் முகம் சரியில்லை. மணலி ரோட்டில் டேங்கர் லாரிக்கு ஒதுங்கப்போய் ஸ்கூட்டர் பள்ளத்தில் விழுந்திருந்தது. பின்னால் கட்டியிருந்த பெட்டியைத் திறந்தான். ஆய்வகத்திலிருந்து சுத்தம் செய்து கொடுத்திருந்த பாட்டில்கள் எல்லாம் கண்ணாடித் தூளாகக் கிடந்தன.

"வேற பாட்டில் ஸ்டோர்ல கீது மேடம். சாவி வெச்சிருக்கறவரு அரக்கோணத்துல கல்யாணத்துக்குப் போயிட்டாரு," என்றான். அவன் முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

வாய்க்காலில் அன்று தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் ஓடியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அடைத்துவிடுவார்கள். அடுத்த ஞாயிறு வரலாம்தான். ஆனால் வீட்டுக்குள் செங்கொடி பாயில் சுருண்டு முனகுவது முள்மரம் வரை கேட்டது. அடுத்த ஞாயிறு என்று எந்தச் சித்தியால் சொல்ல முடியும்?

ராஜாத்தி உள்ளே ஓடினாள். சீராக வந்த வெள்ளைக் கேன் இரண்டில் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இத்த எட்துக்கோ. மூடி டைட்டு. வூட்லயே நல்ல கேன் இதான். மூணு தபா அலசிட்டேன்."

கார்குழலி தயங்கினாள். பாடம் எடுத்த அந்த அம்மாளின் நரைத்த தலை கண் முன்னால் வந்தது. வாய்க்காலைப் பார்த்தாள், நோயலைப் பார்த்தாள், கேனை வாங்கினாள். ஓடுகிற தண்ணீராலேயே அதை இரண்டு முறை கொப்பளித்து ஊற்றிவிட்டு நிரப்பினாள். மற்றதெல்லாம் முறைப்படி நடந்தது. களத்து மேஸ்திரியிடம் நோட்டீஸ் கொடுத்தாள். ஞாயித்துக்கிழமை கூட கவர்மென்ட்டு வேல செய்யுதா, உலகம் அழியப் போவுது என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் கையெழுத்துப் போட்டார். அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். கை மாறிய இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கினாள். அந்தக் கைமாற்றுச் சங்கிலியில் ஒரு கண்ணியும் விடவில்லை, முதல் கண்ணியைத் தவிர.

ஆய்வக முடிவைப் பார்த்துக் கார்குழலி அலுவலகக் கழிப்பறைக்குள் போய் அழுதாள். சந்தோஷத்தில்தான். காரம், சாயம் எல்லாம் அளவுக்கு மேல் இருந்தன. அதற்கும் மேலே ஒரு பூச்சிமருந்து. தொழிற்சாலையில் கூட உறை போட்ட கையால் தொட வேண்டிய சரக்கு அது. குழந்தையின் கை நடுக்கத்துக்கும் மூக்கு ரத்தத்துக்கும் அதுவே போதும் என்று ஆய்வகத்தார் சொன்னார்கள். எதிரி அகப்பட்டுவிட்டான் என்று நினைத்தாள் அவள். வாஞ்சிருவுக்குக் கடிதம் எழுதினாள். அக்காளிடம் போய்ச் சொன்னாள். ராஜாத்தி மகளைத் தட்டி எழுப்பி, உங்க சித்தி கெலிச்சிட்டாடி என்று சொன்னாள். செங்கொடிக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. படுத்தபடியே, அப்ப நான் ஸ்கூலுக்குப் போலாமா சித்தி என்று கேட்டாள்.

அவள் போகவில்லை. வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக இழுத்துக்கொண்டு கிடக்க, அந்த வருஷம் ஐப்பசி மழையில் சடையங்குப்பம் இடுப்பளவு தண்ணீரில் மூழ்கியது. லாரி கூட வர முடியாத வாரம் அது. இருந்த தண்ணீரை ராஜாத்தி டிரம்மிலிருந்து மகளுக்கு மட்டும் அளந்து அளந்து கொடுத்தாள். தானும் புருஷன் வல்லரசும் மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடித்துக்கொண்டார்கள். டிரம் தண்ணீர்தான் சுத்தம், அதில் அழுக்கு மழை கலக்கவில்லை என்பது அந்தத் தாயின் கணக்கு. மழை விட்ட அன்று காலையில் குழந்தை போய்விட்டது. வல்லரசு மகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வெள்ளத்துக்குள் நடந்து வந்தார். ரோட்டில் நின்றிருந்த கார்குழலியின் கைக்குத்தான் அவளைக் கொடுத்தார். காதில் தோடு மட்டும் ஈரமாக மின்னியது.

இனி அந்த வழக்கு ஒன்றுதான் மிச்சம் என்று ஆனது. ராஜாத்தி அழவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீதிமன்றத்துக்கு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு தங்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

களத்துக்காரரின் வக்கீல் ரகுபதி வயதானவர், குரல் உயர்த்தாதவர். நோயலைக் கூண்டில் ஏற்றி, உங்க சம்சாரம் சௌக்கியமா என்பது போலக் கேட்டார்.

"தண்ணியை எதுல பிடிச்சீங்க தம்பி?"

"கேன்ல சார்."

"ஆய்வகம் கொடுத்த பாட்டில் என்ன ஆச்சு?"

"ஒடஞ்சிடுச்சி சார்."

"கேன் ஏது?"

நோயல் கார்குழலியைப் பார்த்தான். கூண்டில் ஏறினால் பொய் சொல்லக் கூடாது என்று அவனுக்குப் பாடம் எடுத்தவளே அவள்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் ஒரு வீட்டில் வாங்கியது என்று அவன் சொன்னான்.

ரகுபதி பையிலிருந்து அதே மாதிரி ஒரு வெள்ளைக் கேனை எடுத்து மேசை மேல் வைத்தார். "நம்ம ஏரியாவுல வீடுகளுக்குக் கேன் எங்கேயிருந்து வருதுன்னு என் கட்சிக்காரருக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது கனம் நீதிபதி அவர்களே. அவர் தொழிலே அதுதானே," என்றார். நீதிமன்றம் சிரித்தது. அடிப்பாகத்தில் சுரண்டி அழித்திருந்த தொழிற்சாலைக் குறியைக் காட்டினார். முத்திரை வைத்த கேனிலும் அதே குறி, அதே சுரண்டல். பூச்சிமருந்து வந்த கேன் அது. அந்தச் சரக்கு தன் கட்சிக்காரரின் களத்துக்கு வந்ததே இல்லை, வேறு யாரோ கழுவிச் சந்தையில் விற்றது என்றார். சந்தையில் வாங்கிய அந்தக் கேனில் இதே நீதிமன்றத்துக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து, வேறோர் ஆய்வகத்தில் கொடுத்து வாங்கிய முடிவை நீட்டினார். அதிலும் அதே விஷம். மாதிரியே கெட்டுப்போன பிறகு அதில் இருந்த காரத்தையும் சாயத்தையும் மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டார்.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அது கார்குழலியின் காதில் விழவே இல்லை. அவள் கண் மேசை மேலிருந்த கேனிலேயே நிலைகுத்தி இருந்தது. கேன் இரண்டு. அவற்றோடு ஒரு டிரம். மாலை போட்டு, மேளம் அடித்து, யார் கொண்டுபோய் வைத்தது?

லியாகத் அலி பாயின் கடைக்கு நேராகப் போனாள். அந்த நல்ல மனுஷர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

"எல்லாம் ஒரே லாட்டும்மா. கொயந்தைக்கி சீருன்னு நீ சொன்னியே, அதனால நானே கூட நின்னு சுடுதண்ணி ஊத்திக் கழுவ வெச்சேன். என் வூட்லயும் அதே டிரம்தாம்மா கீது."

டிரம் கழுவுகிற தண்ணீர் விஷம் என்று ஊருக்கே தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். கழுவிய டிரம் சுத்தம் என்றும் அதே ஊர் நம்பியது. விஷமெல்லாம் தண்ணீரோடு வெளியே போய்விட்டதே, இனி உள்ளே என்ன இருக்கப் போகிறது? சட்டம் படித்து, கடல் தாண்டிப் போய்ப் பயிற்சியும் எடுத்த கார்குழலியும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

இருட்டும் முன் சடையங்குப்பம் போனாள். ராஜாத்தி முன்னாடியே வந்து அடுப்பு மூட்டியிருந்தாள். தங்கை வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

"வுடு கொயலி. நீ இன்னா பண்ணுவ. பணம் கீறவன் கெலிக்கிறான். எம் பொண்ணக் கொன்னது அந்தக் களம்தான்னு எனுக்குத் தெரியும். ஜட்ஜு சொன்னாத்தானா?"

சொல்லிவிட்டு டிரம்மில் டம்ளரை முக்கித் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

கார்குழலி டம்ளரையே பார்த்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். ஆனால் என்ன சொல்வது? களம் இல்லையக்கா, உன் கைதான் என்றா? வெள்ளத்தில் நீ குடிக்காமல் அளந்து அளந்து கொடுத்தாயே அதுதான் என்றா? அதுவும் நிச்சயமா? குழந்தையைப் புதைத்தாயிற்று. களத்துத் தண்ணீரா, டிரம் தண்ணீரா என்று இனி எந்த ஆய்வகமும் சொல்லாது. நீதிமன்றத்தில் களத்துக்காரரைக் காப்பாற்றிய சந்தேகம் இங்கே யாரைக் காப்பாற்றும்?

டம்ளரை வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தாள். ராஜாத்தியின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். பீம்ராவின் மகள் அல்லவா ராஜாத்தி?

மறுவாரம் கார்குழலி புத்தம் புதிய எவர்சில்வர் டிரம் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பழசில் மருந்து வாடை இருக்கும் அக்கா, அதைத் தூக்கிப் போட்டுவிடு என்று பாதி உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். ராஜாத்தி டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நகப்பூச்சில் எழுதிய பெயர் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். மகள் எழுதியதில் அது ஒன்றுதான் மிச்சம். எவர்சில்வர் டிரம்மில் அரிசி கொட்டி வைத்தாள்.

அதன் பிறகு கார்குழலி அக்கா வீட்டுக்குப் போகாமல் இருக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பையில் பாட்டில் இருக்கும். ஒவ்வொரு முறையும் ராஜாத்தி மொண்டு நீட்டுவாள், ஒவ்வொரு முறையும் அது தரையில் இருக்கும். ஒரு நாள் ராஜாத்தி நீட்டவில்லை. "ஆபீசரம்மா ஆயிட்ட. எங்க வூட்டுத் தண்ணி ஒனக்கு எறங்குமா," என்று மட்டும் சொன்னாள். அப்பா பட்ட அவமானத்தைத் தன் சொந்த அக்காளுக்குத் தானே செய்கிறோம் என்று கார்குழலிக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. இத்தனை நாளில் விஷம் கரைந்து போயிருக்கும், வல்லரசு மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அக்காளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் தனக்குத் தானே வக்கீலாக வாதாடுவாள். எதிர்த்தரப்பும் அவளே. தீர்ப்பு வருவதற்குள் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துவிடும்.

வருஷங்கள் ஓடின. இரண்டாயிரத்து நான்கில் அதே பயிற்சியைச் சென்னையிலேயே நடத்த ஏற்பாடானது. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் இளம் அரசு வக்கீல்கள் வந்தார்கள். பாடம் எடுக்க வாஞ்சிருவே வந்துவிட்டாள். கார்குழலிக்கு ஒருங்கிணைப்பு வேலை. பெயர் போடாமல் அவளுடைய வழக்கைத்தான் ஒரு பாடமாக வைத்திருந்தார்கள். வாஞ்சிரு முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தாள். பயன்படட்டும் என்று இவளும் சம்மதித்திருந்தாள்.

வக்கீல் எங்கே தவறினார் என்று வாஞ்சிரு வகுப்பைக் கேட்டாள். அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். பாட்டில்களைத் துணியில் சுற்றிக் கட்டியிருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். நேபாளத்துப் பெண் ஒருத்தி, அவ்வளவு படித்தவர் இவ்வளவு முட்டாளாக இருப்பாரா என்று கேட்க, வகுப்பே சிரித்தது. பலகையில் எழுதிக்கொண்டிருந்தது கார்குழலி. சொன்னதை எல்லாம் எழுதினாள். முட்டாள் என்பதையும் எழுதினாள். அந்த வக்கீல் ஒரு குழந்தையின் முனகலைக் கேட்டுக்கொண்டு நின்றார் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குக் கொடுத்த தாளில் அது இல்லை.

பயிற்சி முடிந்த மறுநாள், அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் வாஞ்சிரு. தட்டிக் கழிக்க முடியவில்லை. களம் இன்னும் அங்கேயே இருந்தது, சுவர் மட்டும் உயர்ந்திருந்தது. வாய்க்காலில் அன்றைக்குப் பச்சை. பார்த்து முடித்து முள்மரத்தடியில் நிற்கும்போது ராஜாத்தி வாசலுக்கு வந்துவிட்டாள். உலகத்தின் இன்னொரு மூலையிலிருந்து ஒருத்தி தன் மகளுக்காக வந்திருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நரைத்த தலையை அவசரமாக முடிந்திருந்தாள்.

உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். வாஞ்சிரு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்த்தை தேவைப்படவில்லை. அந்தச் சுருங்கிய விரல்களைப் பார்த்துத் தன் அம்மாவின் விரல்களும் இப்படித்தான் என்றாள். கார்குழலி மொழிபெயர்த்தாள். அதற்குள் ராஜாத்தி எழுந்து போய், விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பெரிய டம்ளரை எடுத்துத் துடைத்தாள். மூலையில் நீல டிரம். வெயிலிலும் ஈரத்திலும் நீலம் வெளுத்தாலும் நகப்பூச்சு எழுத்து இன்னும் சிவப்பாக இருந்தது. டம்ளரை உள்ளே விட்டு மொண்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அப்பா கொடுப்பது போலவே.

வாஞ்சிரு கை நீட்டினாள்.

வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று ராஜாத்தி கேட்பாள், இந்த முறை விடமாட்டாள். சொல்லாமல் விடலாம். விட்டால் நம்பி வந்த தோழி குடிப்பாள். கார்குழலி எழுந்தாள். வாஞ்சிருவின் விரல் படுவதற்கு முன் அக்காளின் கையிலிருந்து டம்ளரை வாங்கி, நின்றபடியே, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

ராஜாத்தி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகத்தில், மகள் போன நாளிலிருந்து யாரும் பார்த்திராத சிரிப்பு ஒன்று மெதுவாக வந்தது. கண் நிறைந்து வழிந்தது.

"இன்னா தாகம்டி ஒனக்கு. வந்தவங்களுக்குன்னு மொண்டத நீ குட்ச்சிட்டியே," என்றாள். தங்கையின் தலையை ஒரு முறை தடவிவிட்டு, "இரு, அவங்களுக்கு வேற தரேன்," என்று டிரம் பக்கம் திரும்பினாள்.

டம்ளர் தண்ணீரில் முங்கும் சத்தம் கேட்டது. கார்குழலி மறுபடியும் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.